அழுத்தம் அறியும் கோடு

நுழையும்முன்

ஒரு படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கீழே தெரியும் கோட்டைப் பின்பற்றி வரைந்து பார்க்காதவர் நம்மில் அரியர். அந்த எளிய செயல் இன்று கணினித் திரையிலும் நிகழ்கிறது. கை தரும் அழுத்தத்தையும் கருவி அளந்துகொள்கிறது. ஆயினும், எந்தக் கோட்டை வரைவது, எந்தக் கோட்டை விடுவது என்னும் முடிவு வரைபவருடையதே. எண்ணிம வரைபலகையின் இயக்கத்தையும், அதில் படியெடுத்து வரைவதன் பயனையும் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

வைத்து வரைதலும் பார்த்து வரைதலும்

படம் உள்ள தாளைச் சன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் வெள்ளைத்தாளைப் பொருத்தி, வெயிலொளியில் தெரியும் கோடுகளைப் பென்சிலால் வரைவது சிறுவர்களின் பழைய வழக்கம். கண்ணாடி இல்லாவிட்டால் தாளில் சிறிது எண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்வதும் உண்டு. ஆசிரியர் கண்டுவிட்டால், “பார்த்து வரை, வைத்து வரையாதே” என்பார். இதனால், படியெடுத்து வரைதல் திறமையில்லாதோர் செய்வது என்னும் எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. ‘எனக்கு ஓவியம் வராது’ என்று ஒதுங்கிக்கொள்ளும் மாணவர் பலருக்கும் இவ்வெண்ணமே தடையாக நிற்கிறது.

கைவினைஞர்களின் பட்டறைகளுக்குச் சென்று பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். துணியில் பூத்தையல் செய்வோர், தாளில் வரைந்த பூங்கொடியின் கோடு நெடுக ஊசியால் துளையிடுவர். அத்துளைகளின் வழியே வண்ணத்தைத் தேய்த்து, அவ்வுருவத்தைத் துணியில் பதித்துக்கொள்வர். கட்டட வரைவாளர்கள் ஒளிபுகும் தாளில் படியெடுத்தே நெடுங்காலம் பணியாற்றினர். இவர்களைத் திறமையில்லாதோர் என்று எவரும் கூறுவதில்லை. உருவத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுவது இவர்களுக்கு வேலையின் தொடக்கமே. அதன்பின் வரும் தேர்வும் திருத்தமும் நுட்பமுமே இவர்களது கலை. வைத்து வரைதல் குற்றமன்று. வைத்து வரையும்போது சிந்திக்காமல் இருப்பதே குறை.

எழுத்தாணி அறிந்த அழுத்தம்

ஓலையில் எழுதிய நம் முன்னோர்க்கு அழுத்தத்தின் அருமை நன்கு தெரியும். எழுத்தாணியை மிகுதியாக அழுத்தினால் ஓலை கிழியும். குறைவாக அழுத்தினால் எழுத்துப் பதியாது. இரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் கை பழகிக்கொண்ட பின்னரே ஒருவர் ஏடெழுத வல்லவரானார். தூரிகையும் அத்தகையதே. மெல்லத் தொட்டால் மயிரிழை போன்ற கோடு பிறக்கும். சற்று அழுத்தினால் கோடு அகலும். ஒரே இழுப்பில் மெலிந்து தொடங்கி, பருத்து, மீண்டும் மெலிந்து முடியும் கோட்டில் உயிரோட்டம் காணப்படுவது இதனாலேயே.

கணினி வந்தபோது இந்த நுட்பம் முதலில் இழக்கப்பட்டது. மவுஸின் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா, இல்லையா என்னும் இரண்டு செய்திகளையே கணினி பெற்றது. எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதை அது அறியவில்லை. ஆகவே, மவுஸால் இழுத்த கோடு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே பருமனில் கம்பிபோல் அமைந்தது. இக்குறையை நீக்க வந்ததே அழுத்தம் உணரும் வரைபலகை.

கருவி வளர்ந்த வழி

கணினியிடம் பேனாவைக் கொண்டு பேசும் முயற்சி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஐவன் சதர்லேண்ட், 1963ஆம் ஆண்டில் ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலை உருவாக்கிக் காட்டினார். ஒளிப்பேனாவைத் திரைமீது வைத்து நகர்த்திக் கோடுகளையும் வட்டங்களையும் வரைய அது வழிசெய்தது. அடுத்த ஆண்டு, 1964இல், அந்நாட்டின் ராண்ட் நிறுவனம் கிடைமட்டமாக மேசைமேல் வைக்கத்தக்க வரைபலகையை வெளியிட்டது. பத்து அங்குல நீளமும் பத்து அங்குல அகலமும் கொண்ட அதன் பரப்பில், பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகளைத் தனித்தனியே கண்டறிய முடிந்தது.

1983ஆம் ஆண்டில் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம், கம்பி இணைப்பு இல்லாத பேனாவைக் கொண்டுவந்தது. பேனாவைக் கட்டிவைத்திருந்த கம்பி நீங்கியதும், கை தாளில் வரைவதுபோல் இயல்பாக இயங்கத் தொடங்கியது. ஓவியர்களும் இயங்குபடக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் படிப்படியாக இக்கருவிக்கு மாறினர்.

தெரியுமா?

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, கையெழுத்தை மின்கம்பி வழியாகத் தொலைவிடத்திற்கு அனுப்பும் ‘டெலாட்டோகிராப்’ என்னும் கருவிக்கு அமெரிக்கப் பொறியாளர் எலிஷா கிரே 1888இல் காப்புரிமை பெற்றார். இம்முனையில் பேனா அசைவதற்கேற்ப மறுமுனையில் உள்ள பேனாவும் அசைந்து அதே எழுத்தை எழுதியது.

பலகைக்குள் நிகழ்வது என்ன?

வரைபலகையின் மேற்பரப்பு வெறும் தகடுபோல் தோன்றும். அதன் அடியில் நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய கம்பிச்சுருள்கள் பின்னப்பட்டுள்ளன. மின்காந்த ஒத்திசைவு முறையில் இயங்கும் பலகைகளில், இச்சுருள்கள் இடைவிடாது மின்காந்த அலைகளை எழுப்புகின்றன. பேனாவினுள் ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் உள்ளன. பலகை எழுப்பும் அலையிலிருந்தே அவை ஆற்றலைப் பெற்று, அதற்கு மறுமொழியாக ஓர் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் இவ்வகைப் பேனாவிற்கு மின்கலம் தேவையில்லை. எந்தச் சுருள்களில் மறுமொழி வலுவாக விழுகிறதோ, அவற்றைக்கொண்டு பேனா இருக்கும் இடத்தைப் பலகை கணக்கிடுகிறது. பேனாமுனை பரப்பைத் தொடாமல் சற்று மேலே நின்றாலும் திரையில் குறி நகர்வதற்குக் காரணம் இதுவே.

பேனாமுனையை அழுத்தும்போது அது நூலிழை அளவு உள்ளே நகர்கிறது. அந்நகர்வு பேனாவினுள் உள்ள மின்சுற்றின் பண்பை மாற்றுகிறது. திரும்பிவரும் அலையும் அதற்கேற்ப மாறுகிறது. இம்மாற்றத்தைப் பலகை ஓர் எண்ணாகப் படிக்கிறது. அந்த எண்ணே அழுத்தம். இடத்தையும் அழுத்தத்தையும் ஒரு நொடியில் நூறு முறைக்கு மேல் பலகை கணினிக்கு அறிவிப்பதால், தனித்தனிப் புள்ளிகள் நம் கண்ணுக்குத் தொடர்ந்த கோடாகத் தோன்றுகின்றன.

விளம்பரங்களில் ‘8192 அழுத்தப் படிநிலைகள்’ என்னும் தொடரைக் காணலாம். இது 2இன் 13ஆம் அடுக்கு. தொடாத நிலைக்கும் முழு அழுத்தத்திற்கும் இடைப்பட்ட அளவை அத்தனைப் படிகளாகப் பகுத்துள்ளனர் என்பது இதன் பொருள். இதற்கு முன் வந்த பலகைகள் 1024, 2048 ஆகிய படிகளைக் கொண்டிருந்தன. நம் கை இத்தனைப் படிகளையும் வேறுபடுத்தி உணர்வதில்லை. ஆகவே, எண் பெரிதாக இருப்பதாலேயே ஓவியம் சிறந்துவிடாது. அழுத்தத்திற்கேற்பக் கோடு எவ்வளவு அகல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அழுத்த வளைகோட்டை நம் கைக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்வதே முதன்மையானது. மென்மையான கையுடையோர்க்குச் சிறிய அழுத்தமே அகன்ற கோட்டைத் தரும்படியும், அழுத்தி வரைவோர்க்கு அதற்கு மாறாகவும் அதனை அமைக்கலாம்.

வரையத் தொடங்குமுன்

திரையில்லாத வரைபலகையில் கை மேசைமேல் இயங்க, கண் திரையைப் பார்க்கும். முதல் சில நாள்கள் இது குழப்பத்தைத் தரும். மிதிவண்டி பழகும்போது ஏற்படும் தடுமாற்றம் போன்றதே இதுவும். நாளும் சிறிது நேரம் பழகினால் நீங்கிவிடும். பலகையைத் திரைக்கு நேராக வைக்க வேண்டும். அது சாய்ந்திருந்தால், நேராக இழுத்த கோடும் திரையில் சாய்ந்தே தெரியும்.

பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். பலகை 16க்கு 10 என்னும் விகிதத்திலும், திரை 16க்கு 9 என்னும் விகிதத்திலும் உள்ளன என்று கொள்வோம். பலகையின் முழுப்பரப்பையும் திரையின் முழுப்பரப்போடு இணைத்துவிட்டால், பலகையில் வரைந்த வட்டம் திரையில் பத்தில் ஒரு பங்கு உயரம் குறைந்து நீள்வட்டமாகிவிடும். விகிதத்தை மாறாமல் வைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இக்குறை நீங்கும். நெகிழி வளையல் ஒன்றைப் பலகைமேல் வைத்து, அதன் உள்விளிம்பைச் சுற்றி வரைந்து பார்ப்பதே எளிய சோதனை. திரையிலும் அது வட்டமாகத் தெரிய வேண்டும். இச்சோதனையைச் செய்யாமல் பல நாள் வரைந்தவர், தம் கை கோணலாகிவிட்டது என்று வீணே வருந்த நேரும்.

செம்பருத்தியைப் படியெடுத்தல்

தாவரவியல் பதிவேட்டிற்காகச் செம்பருத்திப் பூவின் படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாமே எடுத்த ஒளிப்படம் ஒன்றை வரைகலை நிரலில் திறக்கலாம். கிரிட்டா, ஜிம்ப், இங்க்ஸ்கேப் முதலிய நிரல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஏ4 அளவுத் தாளில் அச்சிடுவதாயின், அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அளவில் 2480க்கு 3508 படப்புள்ளிகள் கொண்ட பரப்பு தேவைப்படும்.

ஒளிப்படம் அடியிலுள்ள அடுக்கில் இருக்கட்டும். அதனை மங்கலாக்கி, தவறுதலாகக் கை படாதவாறு பூட்டிவிட வேண்டும். அதன்மேல் ஒளிபுகும் தாளைப் போன்ற புதிய அடுக்கைச் சேர்த்து, அதில்தான் வரைய வேண்டும். முதலில் காம்பின் போக்கையும் பூவின் மொத்த வடிவத்தையும் பெருங்கோடுகளால் குறித்துக்கொள்ளலாம். பின்னர் இதழ்களையும், இறுதியில் நரம்புகளையும் வரையலாம். நீண்ட கோடுகளை முழங்கை அசைய ஒரே இழுப்பில் இழுப்பதும், சிறு கோடுகளை மணிக்கட்டு அசைய வரைவதும் நல்ல பழக்கம். படத்தை மிகவும் பெரிதாக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக வரைந்தால், துண்டு துண்டாக ஒட்டவைத்த கோடே மிஞ்சும்.

அழுத்தத்தின் பயன் இங்கே விளங்கும். வெளிவிளிம்பிற்குச் சற்று அழுத்தமான கோடு ஏற்றது. ஓர் இதழ் மற்றோர் இதழின்மேல் படியும் இடத்தில் கோடு பருத்தால், எது மேலே, எது கீழே என்பது தெளிவாகும். நரம்பு, இதழின் அடியில் சற்றுத் தடித்துத் தொடங்கி, விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மெலியும். அதனை வரையும்போது பேனாவைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே செல்ல வேண்டும்.

நிழலின் எல்லையும் இதழின் எல்லையும்

இவ்வாறு வரைந்து முடித்ததும், அடியிலுள்ள ஒளிப்படத்தை மறைத்துப் பார்க்க வேண்டும். படியெடுத்து வரைவோர்க்கு இதுவே உண்மையான தேர்வு. ஒளிப்படம் இருந்தவரை அழகாகத் தோன்றிய கோடுகள், அது மறைந்ததும் பொருளற்றுக் கிடப்பதைப் பலர் காண்பர். ஓர் இதழின் விளிம்பு பாதியில் நிற்கும். மற்றோரிடத்தில் இதழே இல்லாத கோடு ஒன்று ஓடும்.

இதற்குக் காரணம் என்ன? ஒளிப்படம் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் காட்டுகிறது. பூவின் அமைப்பை விளக்குவதில்லை. ஓர் இதழின் நிழல் அடுத்த இதழ்மேல் விழுந்தால், அந்நிழலின் எல்லையும் கோடுபோலவே தெரியும். உண்மையான விளிம்போ இருளில் மறைந்திருக்கும். செம்பருத்தியின் ஐந்து இதழ்களும் திருகு இதழமைவு கொண்டவை. ஒவ்வோர் இதழின் ஒரு விளிம்பு அடுத்த இதழின்மேல் படிந்திருக்கும். மறுவிளிம்பு முந்திய இதழால் மூடப்பட்டிருக்கும். மகரந்தத்தாள்கள் ஒன்றிணைந்து ஒரு குழலாகிச் சூலகத்தண்டைச் சூழ்ந்திருக்கும். அதன் உச்சியில் ஐந்து சூலகமுடிகள் தோன்றும். புல்லிவட்டத்திற்கு வெளியே புறப்புல்லிவட்டமும் இருக்கும். இவற்றை அறிந்தவர், ஒளிப்படத்தில் மறைந்த விளிம்பையும் தேடுவார். தோட்டத்திலிருந்து ஒரு பூவைப் பறித்துவந்து திருப்பிப் பார்த்துத் தெளிவார். அறியாதவர் நிழலை இதழாக்கிவிடுவார். அவ்விருவரின் பலகையும் பேனாவும் ஒன்றாகவே இருக்கலாம்; கோடுகள் ஒன்றாக இரா.

ஒளிப்படத்தைத் தானே கோடுகளாக மாற்றித்தரும் வசதியும் சில நிரல்களில் உண்டு. அது வெளிச்சமும் நிறமும் மாறும் எல்லைகளைப் பின்பற்றிச் செல்லும். எழுத்துகள், சின்னங்கள் போன்ற தெளிவான உருவங்களுக்கு அது பயன்படும். நிழலையும் இதழையும் பிரித்தறியும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க இயலாது.

கல்லில் ஒரு கீற்று

பதிவேட்டில் ஒரு கோடு பிழைத்தால் சில மதிப்பெண்கள் குறையலாம். வேறு சில இடங்களில் அப்பிழை வரலாற்றையே திரித்துவிடும். கல்வெட்டைப் படியெடுப்போர், கல்லைத் தூய்மை செய்து, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளங்களில் படியச் செய்வர். பின்னர் மேலே மையை ஒற்றுவர். பள்ளமான எழுத்துகள் வெண்மையாகவும் ஏனைய பகுதி கருமையாகவும் அமையும். இதுவே மைப்படி. இம்மைப்படியையோ கல்வெட்டின் ஒளிப்படத்தையோ கணினியில் ஏற்றி, எழுத்துகளை வரைபலகையில் படியெடுத்து, அச்சிடத்தக்க தெளிவான வரைபடமாக்கலாம்.

ஆனால், கல்லின் வெடிப்பும் சிதைவும் மைப்படியில் வெண்மையாகவே விழும். எது உளி செதுக்கிய கீற்று? எது காலம் செதுக்கிய கீற்று? பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடப்படுவதில்லை. குறிலும் நெடிலும் ஒரே வடிவில் வருவதும் உண்டு. அத்தகைய எழுத்தில் ஒரு வெடிப்பை எழுத்தின் உறுப்பாக வரைந்துவிட்டால், சொல் மாறும். சொல் மாறினால் பெயரோ ஊரோ மாறலாம். கல்லை நேரில் காண இயலாத ஆய்வாளர், பின்னாளில் அந்த வரைபடத்தையே சான்றாக நம்புவார். எனவே, உறுதியான கீற்றுகளை ஓர் அடுக்கிலும், ஐயமுள்ள கீற்றுகளை மற்றோர் அடுக்கில் புள்ளிக்கோடாகவும் வரைவதே நேர்மை. மூலப்படத்தை அழிக்காமல் உடன் வைத்திருப்பதும் கடமை. ‘இவ்விடத்தில் எனக்கு ஐயம் உண்டு’ என்று சொல்லும் கோடும் அறிவின் அடையாளமே.

பிறர் படைப்பும் நம் கையும்

படியெடுத்தல் எளிதாகிவிட்ட இக்காலத்தில் மற்றொன்றையும் மறத்தலாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஓவியம் முதலிய கலைப்படைப்புகளுக்குப் படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் அது பாதுகாப்பளிக்கிறது. பிறர் ஓவியத்தைப் பயிற்சிக்காகப் படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்வது கற்றலின் ஒரு வழி. அதனையே தம் பெயரிட்டுப் போட்டிக்கு அனுப்புவதும் விற்பதும் களவு. நாமே எடுத்த ஒளிப்படத்தை அடிப்படையாகக் கொள்வதும், பிறருடையதாயின் இசைவு பெற்று அவர் பெயரைக் குறிப்பதும் நன்னெறி.

வரைபலகை கையின் அழுத்தத்தை அளக்கும், நடுக்கத்தைக் குறைக்கும், பிழையான கோட்டை நொடியில் நீக்க இடம் தரும். எந்தக் கோடு பொருளுடையது என்பதை அது சொல்லாது. அதனைக் கண்ணும் அறிவும் சேர்ந்தே சொல்ல வேண்டும். சன்னல் கண்ணாடியில் தாளை வைத்து வரைந்த நாளில் நாம் கோட்டைப் பின்தொடர்ந்தோம். இனி, பூவைக் கையில் ஏந்திப் பார்த்தபின் வரைவோம். நம் கை சற்று நடுங்கினாலும் அக்கோடு உண்மையைச் சொல்லும்.

சொல்லும் பொருளும்

படியெடுத்து வரைதல் – ஒரு படத்தை அடியில் வைத்து அதன் கோடுகளைப் பின்பற்றி வரைதல்
அடுக்கு – ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் வரைபரப்பு, லேயர்
மைப்படி – கல்வெட்டெழுத்துகளைத் தாளில் மையால் ஒற்றியெடுத்த படி
கீற்று – மெல்லிய கோடு
இசைவு – உடன்பாடு

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பூக்கும் ஒரு பூவை ஒளிப்படம் எடுத்துப் படியெடுத்து வரைக. வரைபலகை இல்லாதோர் அச்சிட்ட படத்தின்மேல் ஒளிபுகும் தாளை வைத்துப் பென்சிலால் வரையலாம். பின்னர் மூலப்படத்தை நீக்கி, உங்கள் கோடுகள் பூவின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுகின்றனவா எனக் குழுவில் கலந்துரையாடுக.

2. அப்பூவை நேரில் பார்த்து, படியெடுத்ததில் நேர்ந்த பிழைகளைப் பட்டியலிடுக. எவை நிழலால் நேர்ந்தவை எனக் குறிக்க.

3. ‘படியெடுத்து வரைதல் ஓவியத் திறனை வளர்க்கும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா
1. மவுஸால் வரைந்த கோடு ஒரே பருமனில் அமைவது ஏன்?
2. மின்காந்த ஒத்திசைவு முறையில் இயங்கும் பேனாவிற்கு மின்கலம் தேவையில்லாததன் காரணத்தை எழுதுக.

சிறுவினா
1. வரைபலகையின் விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தாவிட்டால் நேரும் குறையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. கல்வெட்டைப் படியெடுத்து வரைவோர் ஐயமுள்ள கீற்றுகளைத் தனியே காட்ட வேண்டியதன் தேவை யாது?

நெடுவினா
1. ‘கருவி அழுத்தத்தை அளக்கும், கோட்டைத் தேர்ந்தெடுப்பது அறிவே’ – பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.